பழைய மடிக்கணினிக்கு எதுவரை செலவு செய்யலாம்?

வின்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்ததிலிருந்து, பழைய மடிக்கணினி வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். இதற்கு இன்னும் காசு போடலாமா, வேண்டாமா? கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் மாடி மாடியாக ஏறிக் கேட்டாலும் இதற்கு ஒரே பதில் கிடைக்காது. கடைக்காரர் தம்மிடம் எது இருப்பில் இருக்கிறதோ அதை முன்வைத்துத்தான் பேசுவார், அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. உதிரிபாகங்களின் விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கத் தொடங்கினால் எல்லாமே தேவை போலத்தான் தோன்றும். அதைவிட, கணினி எந்த வேலையின்போது எதற்காகக் காத்துக்கிடக்கிறது என்பதை முதலில் கண்டறிந்துவிட்டால், வாங்க வேண்டியவை ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும். மற்றவற்றுக்குப் போகவிருந்த பணத்தை அடுத்த கணினிக்காக எடுத்து வைத்துவிடலாம்.

அண்மையில் என் அக்காவின் மடிக்கணினியை வைத்து இந்தக் கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்க்க நேர்ந்தது. ஆகவே அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அக்கா செந்தூல் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியை. அவரிடம் இருப்பது லெனோவோ திங்க்பேட் டி450. 2015-இல் சந்தைக்கு வந்த வகை. ஏதோ ஒரு நிறுவனம் பயன்படுத்திக் கழித்ததைப் பழைய விலைக்கு வாங்கியிருந்தார். இன்டெல் கோர் ஐ5-5300யு செயலி (ஐந்தாம் தலைமுறை), 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 1366-க்கு 768 புள்ளிகள் கொண்ட 14 அங்குலத் திரை. கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவில் பாடங்களைப் பதிவேற்றுவது, கேன்வாவில் பயிற்றுத்தாள் தயாரிப்பது, அவ்வப்போது கூகுள் மீட், வேர்டில் தேர்வுத்தாள், எக்செலில் மதிப்பெண் பட்டியல் ஆகியவைதான் அவருடைய வேலைகள். விளையாட்டோ காணொளித் தொகுப்போ கிடையாது. "தம்பி, இது பறக்க வேண்டாம், எனக்குக் கோபம் வராத அளவுக்கு நடந்தால் போதும், இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிக் கொடு" என்றார். பலரும் சொல்லத் தவறும் இரண்டு செய்திகள், அதாவது என்ன வேலைக்கு, எத்தனை காலத்துக்கு என்பவை, அந்த ஒரே பேச்சில் வந்துவிட்டதால் எனக்கு வேலை பாதியாகக் குறைந்தது.

எதையும் கழற்றுவதற்கு முன்பு, அவர் வழக்கமாக வேலை செய்யும் ஒரு மாலை நேரத்தில், எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் வின்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெறுமனே நிற்கும் கணினியை அளப்பதில் பயனில்லை. பரபரப்பான அரைமணி நேரத்தைத்தான் அளக்க வேண்டும். டிஸ்க் என்ற கட்டம் 100 விழுக்காட்டில் சிவந்து நின்றது. ஆனால் அதே நேரத்தில் வட்டுக்குப் போய்வந்த தரவின் அளவைப் பார்த்தால், வினாடிக்கு ஒன்றிரண்டு மெகாபைட்தான். செயலியோ 20 விழுக்காட்டைத் தாண்டாமல் சும்மா இருந்தது. இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தால் போதும், நோய் என்னவென்று தெரிந்துவிடும்: வட்டு முழுநேரமும் உழைக்கிறது, ஆனால் எதையும் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

காரணம் எளிது. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றை முடிக்க 11 மில்லிவினாடி எடுக்கும். வேண்டிய தரவு படிப்புமுனைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச்சுற்று, அதாவது ஐந்தரை மில்லிவினாடி, காத்திருக்க வேண்டும். படிப்புமுனை சரியான தடத்துக்கு நகர்ந்து செல்ல அதற்கு மேலும் பத்துப் பன்னிரண்டு மில்லிவினாடி ஆகும். ஆக, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைப் படிக்கும்போது அது வினாடிக்கு அறுபது எழுபது முறைக்கு மேல் பதில் சொல்ல இயலாது. ஒரு பெரிய படத்தை நகலெடுத்தால் அதே வட்டு வினாடிக்கு நூறு மெகாபைட் வரை தரக்கூடும்; ஆனால் வின்டோஸ் தொடங்குவதும் குரோம் திறப்பதும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி எடுக்கும் வேலை. தரவைச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டோ நகரும் முனையோ இல்லாததால், சாதாரண வகையே வினாடிக்குப் பல்லாயிரம் முறை பதில் தரும். பழைய மடிக்கணினியில் இன்னும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்றால், வேறு எதைப் பற்றியும் யோசிப்பதற்கு முன்பு அதை மாற்ற வேண்டும் என்று நான் தயங்காமல் சொல்வது இதனால்தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு "பொறுத்துப் பார்க்கலாம்" என்ற பேச்சே கிடையாது.

எந்த எஸ்எஸ்டி என்பதில் வீணான குழப்பம் அதிகம். டி450-இல் வட்டு வைக்கும் இடம் 7 மில்லிமீட்டர் தடிப்புள்ள 2.5 அங்குல சாட்டா வகை; சாட்டா என்பது வட்டைக் கணினியோடு இணைக்கும் பழைய முறை. சாட்டா இணைப்பு வினாடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டோடு நின்றுவிடும். என்விஎம்இ எனும் புதிய வகையோ, பிசிஐஇ என்ற வேகமான இணைப்பின் மூன்றாம் தலைமுறையிலேயே 3500 மெகாபைட் வரை போகும். எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். வேர்டும் பிரவுசரும் திறக்கும் வேலையில் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னால் பலரும் திணறிப்போவார்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு வருவதை யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது. சற்றுப் பிந்தைய மடிக்கணினிகளில் எம்.2 என்ற நீளமான செருகுவாய் இருக்கும். ஆனால் அந்த வடிவத்தைப் பார்த்து மட்டும் வாங்கிவிடக் கூடாது. ஒரே வடிவத்தில் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். நீளத்திலும் 42 மில்லிமீட்டர், 80 மில்லிமீட்டர் என்று வேறுபாடு உண்டு. கணினியின் வகை எண்ணைத் தட்டி, தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேட்டைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவதே நல்லது.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துபோகும் என்ற அச்சம் இன்னும் பலரிடம் இருக்கிறது. சாம்சங் 870 இவோ 500 ஜிபி வகைக்கு நிறுவனம் உறுதியளிக்கும் எழுதும் அளவு 300 டெராபைட். அக்கா ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதுகிறார் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு ஏழு டெராபைட் சொச்சம்தான் ஆகும். அந்த அளவை எட்ட நாற்பது ஆண்டு வேண்டும். அதற்குள் மடிக்கணினி இருக்காது என்பது ஒருபுறமிருக்க, மடிக்கணினி போன பிறகும் எஸ்எஸ்டியைக் கழற்றி ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு வெளிவட்டாகப் பயன்படுத்தலாம் என்பது எனக்கு முக்கியமான கணக்கு. கணினியோடு சேர்ந்து சாகாத பாகத்துக்குச் செலவிடும்போது கை நடுங்கத் தேவையில்லை. இணையக் கடைகளில் நம்ப முடியாத விலைக்கு "2 டிபி" என்று வரும் பெயர் தெரியாத எஸ்எஸ்டிகளை மட்டும் தொடவே வேண்டாம். பள்ளியின் மதிப்பெண் பட்டியலை அவற்றை நம்பி வைக்க முடியாது.

ரேம் விஷயத்தில் கடைகளில் சொல்வதோடு நான் பாதிதான் ஒத்துப்போவேன். "எட்டு ஜிபியாகப் போட்டுக்கோங்க அண்ணே, பதினாறு போட்டால் இன்னும் நல்லது" என்பது அங்கே கேட்கும் வழக்கமான பேச்சு. நல்லதா இல்லையா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் கமிட்டட் என்று ஓர் எண் இருக்கிறது. திறந்திருக்கும் நிரல்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு வைத்திருக்கும் மொத்த நினைவகம் அது. அக்காவின் பரபரப்பான நேரத்தில் அது 7 ஜிபியைத் தொட்டது. கணினியில் இருந்ததோ 4 ஜிபி. மீதியை வின்டோஸ் வட்டில் எழுதி எழுதி எடுத்துக்கொண்டிருந்தது, அதுவும் ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்த அதே ஹார்ட் டிஸ்க்கில். ஆகவே ரேமும் தேவைதான். டி450-இல் இரண்டு ரேம் செருகுவாய்கள் உண்டு. ஒன்றில் 4 ஜிபி இருந்தது, மற்றொன்று காலி. அந்தக் காலி இடத்தில் 8 ஜிபி ஒன்றைச் செருகி 12 ஆக்கினோம். இருப்பதைத் தூக்கிவிட்டு இரண்டு எட்டாகப் போட்டு 16 ஆக்குவது, இரண்டே கோர் கொண்ட ஒரு செயலிக்கும் அக்காவின் வேலைக்கும் வீண் செலவு என்பது என் கருத்து. சமமில்லாத இரு துண்டுகளைப் போட்டால், இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கும் இரட்டைத்தட வேகம் அறவே போய்விடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. இன்டெல் செயலிகள் சமமான பகுதியை, இங்கே நாலும் நாலுமாக எட்டு ஜிபியை, இரட்டைத் தடத்திலும் மீதியை ஒற்றைத் தடத்திலும் இயக்கும். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியில் திரைக்கான வேலையும் இதே ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது என்பதால், ஒன்றைவிட இரண்டு துண்டுகள் இருப்பது அந்த வகையிலும் நன்மைதான்.

வாங்கும்போது இரண்டு விவரங்களில் கவனம் வேண்டும். பழைய தலைமுறையான டிடிஆர்3 ரேமுக்கு 204 முனை, அடுத்த தலைமுறையான டிடிஆர்4-க்கு 260 முனை; ஒன்று மற்றொன்றில் பொருந்தவே பொருந்தாது, அதனால் ஆபத்தும் இல்லை. ஆபத்து உள்ளது டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல்-க்கும் இடையில்தான். முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35 வோல்ட், இரண்டும் பார்வைக்கு ஒன்றே, செருகுவாயிலும் அழகாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் நான்காம், ஐந்தாம் தலைமுறையின், அக்காவுடையதைப் போலப் பெயர் யு என்று முடியும் செயலிகள் குறைந்த மின்னழுத்த வகையைத்தான் எதிர்பார்க்கின்றன. பழைய ரேம் விற்கும் கடையில் தட்டோடு குவித்து வைத்திருப்பார்கள். ஒட்டியிருக்கும் சீட்டில், பிசி3-க்குப் பிறகு எல் என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். இன்னொன்று, மெலிந்த வகை மடிக்கணினிகளில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். இதே வரிசையின் டி450எஸ் வகையில் 4 ஜிபி பற்றவைக்கப்பட்டு, ஒரே ஒரு செருகுவாய்தான் இருக்கிறது. பெயரில் ஓர் எழுத்துதான் கூடுதல், ஆனால் வாங்கவேண்டியது வேறாகிவிடும்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேமின் விலை கடுமையாக ஏறியது. அதே டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், குரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்கும் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. பினாங்கின் பத்து காவானிலும் ஜொகூரின் மூவாரிலும் தொழிற்சாலை வைத்திருக்கும் நிறுவனம் அது. இன்டெல் 1972-இல் பினாங்கில் கால்வைத்த காலத்திலிருந்து சில்லுத் தொழிலோடு வாழ்கிற நாட்டில் இருந்துகொண்டு, ஒரு ரேம் துண்டுக்குப் பழைய பொருள் கடையில் பேரம் பேச வேண்டியிருப்பது ஒரு வேடிக்கைதான். ஆனால் டிடிஆர்3எல் போன்ற பழைய வகையைப் பொறுத்தவரை, கழித்துக்கட்டிய அலுவலகக் கணினிகளிலிருந்து எடுத்த துண்டுகளே போதும். ரேமில் தேயும் பாகம் எதுவுமில்லை. வாங்கி வந்து, ஓர் இரவு முழுக்க, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓடவிட்டுப் பிழை ஒன்றும் வராவிட்டால், புதியதற்கும் பழையதற்கும் வேறுபாடு இல்லை.

இனி, எவ்வளவு காசு போட்டாலும் மாறாத ஒன்று செயலி. நான்காம் தலைமுறை வரை சில இன்டெல் மடிக்கணினிகளில் செயலியைக் கழற்றி மாற்றலாம். ஐந்தாம் தலைமுறை முதல் எல்லாம் பலகையோடு பற்றவைத்தவை. பெரும்பாலான எழுத்து வேலைக்கு 2015-ஆம் ஆண்டின் செயலியே தாராளம். அதன் வயது வெளிப்படுவது காணொளியில்தான். யூடியூப் தன் காணொளிகளைப் பெரும்பாலும் விபி9, ஏவி1 என்னும் வடிவங்களில் அனுப்புகிறது. விபி9-ஐ முழுமையாக வன்பொருளிலேயே பிரித்துக் காட்டும் வசதி இன்டெலின் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது, ஏவி1-க்கான வசதி பதினோராம் தலைமுறையில். அதற்கு முந்தைய கணினிகளில் அந்தச் சுமை செயலியின் தலையில் விழுகிறது. மின்விசிறி இரைகிறது, பேட்டரி கரைகிறது. எந்த ரேமும் எஸ்எஸ்டியும் இதைத் தீர்க்காது. ஆனால் எச்264ஐஃபை என்ற இலவச நீட்சியை பிரவுசரில் சேர்த்தால், பழைய செயலிக்கும் எளிதான எச்.264 வடிவத்தையே யூடியூப் அனுப்பும். படத்தின் தெளிவு 1080 வரியோடு நின்றுவிடும், 14 அங்குலத் திரைக்கு அது போதாதா என்ன! அக்காவின் கணினியில் செயலிக்காக நான் செய்த ஒரே "மேம்பாடு" இந்த இலவசச் சேர்க்கைதான்.

இலவசம் என்றதும், தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிர்சாதனம் இல்லாத நம் வீடுகளில் பிற்பகல் வெப்பம் 32 பாகையைத் தொடும். 22 பாகை அறையில் இருப்பதைவிடச் செயலியும் ஏறக்குறைய அந்தப் பத்துப் பாகை கூடுதலாகவே சுடும். அதற்குமேல் காற்று போகும் வழியும் அடைபட்டால், செயலி நூறு பாகையை நெருங்கும்போது தன்னைத்தானே காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திங்க்பேட்டின் அடிமூடியைத் திறப்பதற்கு முன்பு, கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் உள் பேட்டரியை முடக்கிவிட்டு, திருகுகளைத் தளர்த்தி, விளிம்பில் ஒரு பழைய வங்கி அட்டையை நுழைத்து நெம்பினேன். மேலோட்டமாகப் பார்த்தால் விசிறியில் தூசி குறைவாகத்தான் தெரிந்தது. விசிறிக் கூட்டைக் கழற்றிய பிறகுதான், இதழ்களுக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒரு படலம் குறுக்கே படிந்து, காற்று வெளியேறும் வாயை ஏறக்குறைய முழுவதுமாக மூடியிருந்தது தெரிந்தது. இடுக்கியால் ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் படலம் முழுதாகக் கையோடு வந்தது. வெளியிலிருந்து ஊதியிருந்தால் அது உள்ளேயே மடங்கி உட்கார்ந்திருக்கும். ஊதுவதானால் விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும், இல்லாவிட்டால் அளவுமீறிச் சுழன்று அச்சு கெடும். செயலிமேல் காய்ந்து பொடியாகியிருந்த பழைய பசையைத் துடைத்துப் புதிய வெப்பப் பசை பூசி மூடியபின், முன்பு எப்போதும் இரைந்துகொண்டிருந்த கணினி வேர்டில் எழுதும் நேரமெல்லாம் சத்தமின்றி இருந்தது. பசையின் விலை கோப்பிக்கடையில் இருவர் பசியாறும் செலவைத் தாண்டாது.

பேட்டரியை மாற்றலாமா என்பது, கணினி மேசையை விட்டு நகருமா என்பதைப் பொறுத்தது. வீட்டுச் சுவரிலேயே மின்னூட்டியோடு கட்டிப்போட்ட கணினிக்குப் புதுப் பேட்டரி தேவையில்லை. அக்கா வகுப்புக்கு வகுப்பு தூக்கிக்கொண்டு போகிறவர். வின்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கும் கட்டளை இருக்கிறது. வடிவமைத்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக ஏற்றினால் நிற்கும் கொள்ளளவும் அதில் அடுத்தடுத்து வரும். அவருடைய உள் பேட்டரி பாதிக்குக் குறைந்திருந்தது. பின்புறம் செருகும் வெளிப் பேட்டரியோ பெயருக்குத்தான் இருந்தது. டி450-இன் நல்ல குணம், வெளிப் பேட்டரியைக் கருவி எதுவுமில்லாமல் மாற்றலாம். அதை மட்டும் மாற்றினோம். நிறுவனத்தின் அசல் பேட்டரியே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு: பத்து ஆண்டு பழைய வகைக்கு "அசல்" என்று கிடைப்பது பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்ததாக இருக்கலாம், லித்தியம் பேட்டரி பயன்படுத்தாமலேயே மூப்படையும். ஆகவே உற்பத்தித் தேதியைப் பார்த்து, உத்தரவாதம் தரும் கடையில், பெயருள்ள மாற்று வகையை வாங்குவதே மேல் என்று கருதுகிறேன். ஒன்று மட்டும் கணக்கில் சேராதது: பேட்டரி உப்பியிருந்தால், அதாவது தொடுபலகை மேலெழும்பியோ அடிமூடி பிதுங்கியோ தெரிந்தால், செலவு, பயன் என்றெல்லாம் யோசிக்காமல் அன்றே கணினியை நிறுத்திவிட்டுக் கழற்ற ஏற்பாடு செய்ய வேண்டும்.

திரையைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு. 14 அங்குலத்தில் 1366-க்கு 768 என்றால் ஓர் அங்குலத்துக்கு 112 புள்ளிகள். 1920-க்கு 1080 என்றால் 157. ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்துக்கு இந்த வேறுபாடு கூடுதலாகவே உறைக்கும். சிறிய அளவில் ணகரத்துக்கும் னகரத்துக்கும் இடையே உள்ள ஒரு சுழி கூடுதல், மெய்யெழுத்தின் புள்ளி, றகரத்தின் வளைந்து இறங்கும் கால் ஆகியவை குறைந்த தெளிவுள்ள திரையில் ஒன்றோடொன்று குழம்பிவிடும். தேர்வுத்தாள் மெய்ப்புப் பார்க்கும் ஆசிரியைக்கு இது வெறும் அழகு சார்ந்த விஷயம் அன்று. பழைய அலுவலக மடிக்கணினிகளில் இருந்த டிஎன் வகைத் திரைக்குப் பதில் ஐபிஎஸ் வகை போட்டால், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் வெளிறாது. ஆனால் இது எல்லாக் கணினியிலும் நடக்காது. 2012 வாக்கில் வந்த பல மடிக்கணினிகளின் எல்விடிஎஸ் இணைப்பில் இன்றைய திரையை நேரடியாகச் செருக முடியாது; அதற்குப் பின் வந்த ஈடிபி இணைப்பானால், முனைகளின் எண்ணிக்கையும் திருகு வைக்கும் காதுகளின் இடமும் ஒத்துப்போகிறதா என்று பழைய திரையைக் கழற்றிப் பின்புறச் சீட்டைப் படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். நான் பரிந்துரைத்தேன், அக்கா "கண்ணாடி போட்டுப் பார்த்துக்கிறேன், அந்தக் காசு இருக்கட்டும்" என்று மறுத்துவிட்டார். முடிவு அவருடையது. என் பணமாக இருந்தால் பேட்டரிக்கு முன்பே திரையை மாற்றியிருப்பேன்.

வைஃபை அட்டையை இவருக்கு மாற்றத் தேவைப்படவில்லை. ஆனால் கொண்டோமினியத்தில் குடியிருப்பவர்கள் இதைச் சற்றுக் கவனிக்கலாம். மலிவு விலை மடிக்கணினிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்த ஒற்றை ஆன்டெனா அட்டை இருப்பது வழக்கம். சாதாரண அமைப்பில் அதன் இணைப்பு வேகமே 72 மெகாபிட்டைத் தாண்டாது. மேலும் கீழும் பக்கத்திலுமாக இருபது வீட்டு ரவுட்டர்கள் அதே அலைவரிசையில் இரைந்துகொண்டிருக்கும்போது அதில் பாதிகூடக் கிடைக்காது. வீட்டுக்கு எத்தனை வேகமான ஃபைபர் இணைப்பு எடுத்தாலும் பயனில்லை என்று புலம்புபவர்களில் பலருக்கு இதுவே காரணம். இன்டெல் ஏஎக்ஸ்200 போன்ற அட்டை விலை குறைவு, பொருத்துவதும் எளிது. ஏஎக்ஸ்201 என்று ஒன்று, அதைவிடப் புதியது போன்ற பெயரில் வரும். அது இன்டெலின் பத்தாம் தலைமுறை முதலான கணினிகளில் மட்டுமே இயங்கும், பழையதில் செருகினால் உயிரே வராது. சில வகைக் கணினிகளின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத அட்டையை ஏற்க மறுப்பதும் உண்டு.

எஸ்எஸ்டி, பழைய ரேம், வெளிப் பேட்டரி, பசை எல்லாம் சேர்ந்து 400 மலேசிய வெள்ளிக்குள் அடங்கின. இந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எப்படி முடிவு செய்தேன் என்றால், எட்டாம் தலைமுறைச் செயலி கொண்ட டி480 போன்ற பழைய அலுவலகக் கணினியின் விலையை முதலிலேயே விசாரித்து வைத்திருந்தேன். பெரிய நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுக் குத்தகை முடிந்ததும் கணினிகளை மொத்தமாகக் கழிப்பதால், அத்தகையவை கோலாலம்பூரில் எளிதாகக் கிடைக்கின்றன. இருக்கும் கணினிக்குப் போடும் மொத்தச் செலவு, அப்படி ஒன்றின் விலையில் பாதியைத் தொடக்கூடாது என்பது என் வரம்பு. அந்த வரம்புக்குள் நிற்கும்போதும், மூடியைத் தாங்கும் கீல் நெகிழியைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தாலோ, மின்சாரம் ஏற்கும் பகுதியில் மதர்போர்டு பழுதாகியிருந்தாலோ, ஒரு வெள்ளிகூடப் போட மாட்டேன். விசைப்பலகையும் சிலவற்றில் இந்தக் கணக்கில் சேரும்: திங்க்பேட்டில் தனியாகக் கழற்றலாம், ஆனால் பல மலிவு வகைகளில் மேல்மூடியோடு நெகிழி முளைகளை உருக்கி ஒட்டியிருப்பார்கள், ஒரு விசை கெட்டால் மூடியையே மாற்ற நேரும்.

எஞ்சியிருப்பது மென்பொருள் பக்கத்துச் சிக்கல். சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளை வின்டோஸ் 11 ஏற்பதில்லை. சோதனையை ஏமாற்றி நிறுவும் வழிகள் உண்டு. மாணவர் விவரங்கள் இருக்கும் கணினியில் அதைச் செய்ய எனக்கு மனமில்லை. மைக்ரோசாஃப்ட் அறிவித்த நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் வின்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், ஆகவே இப்போதைக்கு அதில் பதிந்திருக்கிறோம். அதற்குப் பிந்தைய காலத்துக்கு, வின்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் என்று பேசி வைத்திருக்கிறேன். 12 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள கணினியில் அது சுகமாக ஓடும். தமிழ் எழுத, ஐபஸ் என்ற தட்டச்சு வசதி வழியாகத் தமிழ்99 விசைமுறையும் ஒலிபெயர்ப்பு விசைமுறையும் கிடைக்கும் என்றாலும், இங்கே பலரையும் போல முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் கைபழகிய அக்காவுக்கு முதல் சில வாரங்கள் விரல் தடுமாறத்தான் செய்யும். அதனால் வட்டில் நிறுவாமல், யுஎஸ்பி துண்டிலிருந்தே அதைத் தொடங்கி, பள்ளியின் அச்சுப்பொறியும் வகுப்பறையின் புரொஜெக்டரும் வேலை செய்கின்றனவா என்று பள்ளி விடுமுறைக்கு முன்பே பார்த்துவிடச் சொல்லியிருக்கிறேன். அச்சுப்பொறி ஒத்துழைக்காவிட்டால், சேமித்து வைத்த பணத்தோடு டி480 பக்கம் போக வேண்டியதுதான்.